எச்சில் படாத மருந்து

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் போன மாதம் ஒரு மெஷின் வந்திருக்கிறது என்று கமலா வந்து சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் புதிதாக வந்த கம்பெனி ஒன்று நன்கொடையாகக் கொடுத்ததாம். சுவிட்சைப் போட்டால் டர்ரென்று ஓடும், மருந்து புகையாக வரும். மூச்சுத் திணறுகிறவர் முகத்தில் மூடியை மாட்டிவிட்டால் அவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். "இனிமே யாருக்கும் சொல்லிக் குடுக்கிற வேலையே இல்ல சிஸ்டர்" என்றாள் சந்தோஷமாக. கமலா நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நர்ஸ். நல்ல பெண். ஆனால் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மூடி முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறதா, புகை பக்கவாட்டில் வீணாகப் போகிறதா என்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். அப்புறம், இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் திட்டுகிற மாதிரியே இருக்கிறது என்றாள். சரி, எழுதுகிறேன். எழுத்திலும் திட்டுகிற மாதிரி இருந்தால் அது என் சுபாவம், மாற்ற முடியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிமங்கலத்திலிருந்து மெட்ராசுக்குப் போனேன். கஞ்சி போட்ட உடுப்பும் கொதிக்கிற வெந்நீர்ச் சட்டியுமாக மூன்று வருஷம் போயிற்று. தலையில் வெள்ளைக் குல்லாயோடு திரும்பி வந்தபோது ஐம்பதுகள் முடியப் போகிற சமயம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த இந்தச் சுகாதார நிலையத்தில் போட்டார்கள். நடுவில் இரண்டு முறை மாற்றல் வந்தது, இரண்டு முறையும் சண்டை போட்டுத் திரும்பி வந்தேன். மற்றபடி என் உத்தியோகம் முழுக்க அந்த நாலு கட்டிலும் ஒரு பிரசவ அறையும்தான்.

சுற்றி நெல் வயல், ஏரி, அங்கங்கே ரைஸ் மில். அறுப்பு முடிந்து மில்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் வராந்தாவில் இழுப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆஸ்துமா என்பது எங்கள் நோட்டில் எழுதுகிற பெயர். ஜனங்களுக்கு அது இழுப்புதான். உமித் தூசி உள்ளே போனால் நெஞ்சு விசிலடிக்கும். விசிலடித்தால் எங்களிடம் வருவார்கள்.

அப்போது எங்களிடம் இருந்தது எபிட்ரின் மாத்திரை, அட்ரினலின் ஊசி, அமினோஃபிலின் ஊசி. மாத்திரை சின்ன இழுப்புக்கு. அட்ரினலினைத் தோலுக்கு அடியில் போட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சு திறக்கும், ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அமினோஃபிலின் ரத்தக் குழாயில் போடுவது. அதில்தான் என் பொறுமை முழுவதும் செலவானது. பத்து மில்லி மருந்து, இருபது நிமிஷம். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் ஏற்றினால் வாந்தி வரும், இன்னும் அவசரப்பட்டால் இருதயம் நின்றுவிடும். ஒரு கையால் சிரிஞ்சை மயிரிழை மயிரிழையாகத் தள்ள வேண்டும், இன்னொரு கை விரல் நோயாளியின் நாடியில் இருக்க வேண்டும், கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்க வேண்டும். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாது. அந்த இருபது நிமிஷத்தைக் கை நடுங்காமல் தள்ளுவதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். பெருமைதான். இருக்கட்டுமே.

எழுபதுகளின் கடைசியில் டாக்டர் சிவஞானம் எங்கள் நிலையத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மடித்த சீட்டுக் காகிதங்கள். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினாலாவது பதிலுக்குக் கோபப்படலாம். அவர் கேட்கிற ஒரே கேள்விதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மாத்திரை கொடுத்துவிட்டேன் சார் என்றால், "உள்ளே போச்சா?" என்பார். பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்தாச்சு சார் என்றால், "உள்ளே போச்சா?" வாயில் அடக்கி வைத்து வாசலில் போய்த் துப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொடுத்தது நம் வேலையில் பாதி, உள்ளே போனதைப் பார்ப்பது மீதி என்பது அவர் கட்சி. முதல் ஆறு மாதம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவளைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்கிறாரே என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளுவேன்.

இந்தச் சமயத்தில்தான் அஞ்சலை வந்தாள். சேரப்பணஞ்சேரிப் பக்கத்திலிருந்து வருவாள். ரைஸ் மில்லில் நெல் காய வைக்கிற களத்தில் வேலை. முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். அவள் புருஷன் ஏழுமலை அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவளுக்கு மற்றவர்களைப் போல வருஷத்துக்கு நாலு தடவை வருகிற இழுப்பு இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை வரும். வண்டி கட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு, படபடக்கிற நெஞ்சோடு திருப்பி அனுப்புவோம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஊசி தப்பில்லை, தூரம்தான் தப்பு, ஒரு நாள் வண்டி இங்கே வந்து சேருவதற்குள் அவள் போய்விடுவாள் என்று. மூச்சு அடைக்க ஆரம்பிக்கிற இடத்திலேயே, அந்தக் களத்திலேயே, அவள் கையில் மருந்து இருக்க வேண்டும் என்றார். அஞ்சலைக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு தடவை ஊசி போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய பொண்ணு வயசுக்கு வர்ற வரைக்கும் இருந்தா போதும் நர்ஸம்மா. அப்பால அது தங்கச்சிய பாத்துக்கும்" என்றாள். பெரிய பெண்ணுக்கு அப்போது பத்து வயது.

பிறகு ஒரு திங்கட்கிழமை டாக்டர் மெட்ராஸ் போய்விட்டு வந்து மேஜை மேல் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை வைத்தார். உள்ளே வளைந்த பிளாஸ்டிக் கூடு, அதில் சொருகிய கட்டைவிரல் அளவு உலோகக் குப்பி. அழுத்தினால் புஸ்ஸென்று மருந்து வந்தது. இன்ஹேலர் என்றார். அட்ரினலின் செய்வதைச் செய்யும், ஊசி வேண்டாம், ஆனால் மருந்து நேராக நெஞ்சுக்குள் போக வேண்டும் என்றார். எப்படி என்று ஒரு தடவைதான் காட்டினார். குலுக்க வேண்டும். உள்ளே இருக்கிற மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். வாயில் வைத்து, மெதுவாக மூச்சை இழுக்க ஆரம்பித்து, இழுக்கும்போதே அழுத்த வேண்டும். பத்து எண்ணுகிற வரைக்கும் அடக்கி வைக்க வேண்டும். பெட்டி ஒன்றை நிலையத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டு, இன்னொன்றை அஞ்சலைக்குக் கொடு, பழக்கிவிடுவது உன் பொறுப்பு என்றார்.

நான் பழக்கினேன். நிலையத்துப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, வராந்தாவில் அவளை எதிரே உட்காரவைத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குலுக்கு, மூச்சை விடு, வாயைத் திற, அழுத்து, உள்ளே இழு. நானும் செய்து காட்டினேன், அவளையும் செய்யச் சொன்னேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். நான் எப்படிக் காட்டினேனோ அச்சு அசலாக அப்படியே செய்தாள். அவளுக்கான பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நோட்டில் எழுதினேன். டாக்டர் வழக்கம்போல, "உள்ளே போச்சா?" என்றார். போச்சு சார் என்றேன். அவர் கேள்விக்கு அவ்வளவு அலட்சியமாக நான் அதற்கு முன்னால் பதில் சொன்னதில்லை.

மூன்று வாரம் போயிற்று. நடுவில் இரண்டு தடவை அஞ்சலை ஊசிக்கு வந்தாள். மருந்து அடித்தாயா என்று கேட்டால், அடித்தேன், கேட்கவில்லை என்றாள். ஏழுமலை இந்த மருந்தெல்லாம் மெட்ராஸ்காரர்களுக்குத்தான் கேட்கும் போல என்று முணுமுணுத்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது மருந்து என்றாலே ஆயிரம் சொல்வார்கள், நம் ஊசி மாதிரி வருமா என்று நிலையத்து ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வராந்தாவில் கூட்டம். மாட்டு வண்டியை ஏழுமலை நேராகப் படிக்கட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான். அஞ்சலை வண்டியின் பக்கக் கட்டையைப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வழக்கமாக அவள் வருவதற்கு முன்னால் அவள் நெஞ்சு விசில் வாசலில் கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சத்தம் போடுகிற நெஞ்சைவிடச் சத்தம் போடாத நெஞ்சுதான் பயம். காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை என்று அர்த்தம்.

தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தோம். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தேன். டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே ஏழுமலையிடம் கேட்டார், மருந்து அடித்தாளா என்று. ஏழுமலை அழுதுகொண்டே சொன்னான், "களத்துலேர்ந்து வர்ற வழி பூரா அடிச்சிக்கினேதான் சார் வந்துது. பன்னெண்டு தபா அடிச்சிது. நான் எண்ணிக்கினே வந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உள்ளே போச்சா, சிஸ்டர்?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு தடவை மருந்து உள்ளே போயிருந்தால், அதே வேலையைச் செய்கிற அட்ரினலினை அதற்கு மேல் போட்டால் இருதயம் தாங்காது. உள்ளே போகாமல் இருந்தால், அட்ரினலினைத் தவிர அந்த நிமிஷத்தில் அவளைக் காப்பாற்ற வேகமான மருந்து வேறு இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "போயிருக்கும் சார்."

அவர் அட்ரினலினை விட்டுவிட்டு அமினோஃபிலினை எடுத்தார். இருபது நிமிஷ ஊசி. சிரிஞ்சை என்னிடம் கொடுத்தார். நான் தள்ளினேன், கண் கடிகாரத்தில். இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம். ஆறு நிமிஷம். அஞ்சலையின் தலை தொங்க ஆரம்பித்தது. வராந்தாவில் ஏழுமலை மாரியாத்தாளைக் கூப்பிடுவது கேட்டது. நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அந்தக் கடிகாரத்தை அவ்வளவு வெறுத்ததில்லை. அதற்காகச் சிரிஞ்சை வேகமாகத் தள்ளவும் முடியாது.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரமாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவள் கையை அவரே தாங்கி நீட்டிப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டுக் காகிதத்தை எடுத்து அவள் விரல்கள் மேல் வைத்தார். மூச்சுக்காகப் போராடுகிற பெண்ணின் கையில் காகிதத்தை வைத்து இந்த மனிதர் என்ன விளையாடுகிறார் என்று நினைத்தேன். காகிதம் அப்படியே கிடந்தது, துளிகூட ஆடவில்லை.

"இந்த மருந்து பன்னிரண்டு தடவை போன கை இப்படி இருக்காது. நடுங்கும்" என்றார். "அட்ரினலின் எடுங்க சிஸ்டர்."

"பன்னிரண்டு தடவை அடிச்சிருக்காளே சார்" என்றேன்.

"அடிச்சா. உள்ளே போகலை."

அமினோஃபிலின் சிரிஞ்சை உருவிவிட்டு எடுத்துக் கொடுத்தேன், அவரே போட்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷத்தில், அவள் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியதில்லை. அந்த விசிலைக் கேட்டுக் கலங்கினேன். மதியத்துக்குள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். சாயங்காலம் கஞ்சியில் உப்பு இல்லை என்று ஆயாவிடம் சண்டை பிடித்தாள்.

மறுநாள் காலை டாக்டர் அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வழியில் மருந்து எப்படி அடித்தாயோ அப்படியே இப்போது அடித்துக் காட்டு என்றார். அஞ்சலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த இன்ஹேலரை எடுத்தாள். நன்றாகக் குலுக்கினாள். மூச்சை விட்டாள். தலையை அண்ணாந்தாள். கூட்டை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, புஸ்ஸென்று அழுத்தி, மடக்கென்று விழுங்கினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சொம்பிலிருந்து எச்சில் படாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி. நாம் எல்லோரும் குடிக்கிற மாதிரி. அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொள்ளும்போது யார் மூச்சை இழுப்பார்கள்? இழுத்தால் புரையேறும். பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் மூச்சை அடக்கித்தான் பழக்கம். மருந்தில் பாதி அவள் கன்னத்திலும் மோவாயிலும் போயிற்று, மீதி தொண்டை வழியாக வயிற்றுக்குப் போயிற்று. நெஞ்சுக்கு ஒரு பொட்டுகூடப் போகவில்லை.

டாக்டர் அவளைக் கோபிக்கவில்லை. "நல்லாத்தான் பழகியிருக்கே. யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். அஞ்சலை பெருமையாக என்னைக் காட்டினாள்.

அது உண்மை. நிலையத்துப் பெட்டி எல்லோருக்கும் காட்ட வேண்டியது ஆயிற்றே, அதில் எச்சில் படலாமா? அன்றைக்கு நான் அதை என் வாயிலிருந்து தூக்கிப் பிடித்துத்தான் செய்து காட்டினேன். அவள் வாயருகே கொண்டுபோனபோது, "எச்சி பண்ணிடாதே, தூக்கிப் புடி" என்று சொன்னதும் நானேதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துத் திராட்சை ரசம் குடித்துவிட்டு வருகிறவள் நான். திங்கட்கிழமை காலையில் எச்சில் பார்த்திருக்கிறேன். வேறு பழியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "நான்தான் சார் தப்பாக் காட்டிட்டேன். நேத்து உங்ககிட்ட தெரியாமலே போயிருக்கும்னு சொன்னதும் தப்பு" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போகவில்லை, உட்கார்ந்தே இருந்தார். இப்போது சரியாகக் காட்டு என்று அதற்கு அர்த்தம்.

உதட்டுக்குள் வைத்து வாயை மூடிக்கொள் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் நர்ஸம்மா. சர்க்கார் சாமான். எனக்கு சொஸ்தமானா திருப்பிக் குடுக்கணுமில்ல? எங்க தெரு எச்சினு தெரிஞ்சா அப்பால யாரு இத்த வாயில வெப்பாங்க? மில்லுல தண்ணியே எங்க கையில ஊத்துறாங்க. சொம்ப தொட வுடமாட்டாங்க."

மற்ற மூன்று கட்டில்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் வாயால் கேட்டபோதுதான் சுட்டது. இது உன்னுடையது, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. சர்க்கார் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்து அவள் பார்த்ததில்லை.

ஒரு வழிதான் இருந்தது. முதலில் நீ வாயில் வைத்துச் செய், உனக்குப் பிறகு நான் வைக்கிறேன் என்றேன். தயங்கித் தயங்கிக் கூட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு உதட்டை மூடினாள். ஆனால் பழக்கம் விடுமா, அழுத்தினதும் மறுபடியும் மடக்கென்று விழுங்கினாள். இழு என்றால் கன்னத்தை மட்டும் குழித்தாள். நெஞ்சு ஏறவே இல்லை. மூன்று தடவை வெறுங்கூட்டை வைத்துப் பழக்கினேன். எனக்கே அலுத்துப் போகிற நேரத்தில் அவர்கள் ஊர் ஏரி ஞாபகம் வந்தது.

"ஏரியில குளிப்பியே, முங்கறதுக்கு மின்னாடி இன்னா பண்ணுவே?"

"தம் புடிப்பேன்."

"புடி."

பிடித்தாள். வாயால் காற்றை இழுத்து, நெஞ்சு நிமிர்ந்து, தோள் உயர்ந்து, அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாள் அது அவளுக்குள்ளேயே இருந்தது. குப்பியை மாட்டிக் கொடுத்தேன். உதட்டை மூடி, முங்கப் போகிறவள் மாதிரி மெதுவாக இழுத்து, இழுக்கும்போதே அழுத்தி, அடக்கினாள். நான் பத்து எண்ணினேன். வாயைத் திறந்தபோது புகையே வரவில்லை, எல்லாம் உள்ளே.

கூட்டை வெந்நீரில் கழுவினேன். அது முறை, யார் வாயில் வைத்திருந்தாலும் கழுவித்தான் ஆக வேண்டும். உதறி, குப்பியை மாட்டி, நாலு கட்டில்காரர்களும் பார்க்க என் உதட்டுக்குள் வைத்து, மூச்சை இழுத்து அழுத்தினேன். வாயில் சில்லென்று கசந்தது. பத்து வரை அடக்கினேன். அஞ்சலை கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ இழுப்பு கிடையாது, தேவையில்லாத மருந்து. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்தது, விரல் நடுங்க ஆரம்பித்தது. இருபது நிமிஷம் சிரிஞ்சை அசையாமல் தள்ளுகிற கை. வெட்கமாக இருந்தது, பின்னால் மறைத்துக்கொண்டேன். டாக்டர் விடவில்லை. கையை நீட்டச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் விரல்கள் மேல் வைத்தார். காகிதம் படபடவென்று ஆடிக் கீழே விழுந்தது.

"உள்ளே போச்சு" என்றார்.

அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்தேன். என்னை அவர் பாராட்டினது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது போதும். என்னோடு வேலை பார்த்த நர்ஸ்கள் மேஜை மேல் ஷீல்டும் சால்வையுமாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்த வார்த்தை இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு விதி வைத்தேன். இன்ஹேலர் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் என் எதிரே, உதட்டை மூடி, ஏரியில் முங்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துக் காட்டின பிறகுதான் அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியும். ஒவ்வொரு தடவை வரும்போதும் மறுபடி காட்ட வேண்டும். மறந்து தலையை அண்ணாந்தால் மோவாயில் ஒரு தட்டு தட்டுவேன். பெரிய பெரிய ஆட்களும் என்னிடம் தட்டு வாங்கியிருக்கிறார்கள். அஞ்சலை எங்களிடம் ஊசிக்கு வருவது குறைந்தது, பிறகு மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தடவை என்று ஆயிற்று. களத்தில் இன்னொருத்திக்கு மூச்சு அடைத்தபோது அவளைக் கையோடு எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஏரிப் பாடத்தை முழுக்க அவளே நடத்திவிட்டாள். என்னைவிட நன்றாக நடத்தினாள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள், ஏழுமலை புதுச் சட்டையோடு நிலையத்துக்கு வந்து நின்றான். பெரிய பெண் வயதுக்கு வந்துவிட்டாள், மஞ்சத்தண்ணி வைத்திருக்கிறோம், நர்ஸம்மா வந்தே ஆக வேண்டும் என்றான். டாக்டரிடம் பர்மிஷன் கேட்டேன். போகாவிட்டால்தான் கேள்வி கேட்பேன் என்றார்.

அவர்கள் தெருவுக்குள் நான் அதுவரைக்கும் தடுப்பூசிப் பெட்டியோடு மட்டும்தான் போயிருக்கிறேன். பந்தலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பெண் பட்டுப் பாவாடையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை ஓட்டமும் நடையுமாக இருந்தாள், இடுப்பில் சுருக்குப் பை, அதில் இன்ஹேலர் முட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் வெயிலில் வந்ததில் எனக்கு நாக்கு வறண்டிருந்தது. பார்த்தவள், விளக்கித் தேய்த்த பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கினேன். வாங்கின கை பழக்கத்தில் சொம்பைத் தலைக்கு மேலே தூக்கியது. மோவாய் தானாக அண்ணாந்தது. பிறகுதான் எதிரே நிற்கிற அஞ்சலையைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நோயாளிகளைப் பார்ப்பேனே, அதே மாதிரி என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொம்பை இறக்கினேன். விளிம்பில் உதட்டை வைத்து மூடி, நிதானமாக, சொம்பு காலியாகிற வரைக்கும் குடித்தேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரின் குரலையே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உள்ள போச்சா, நர்ஸம்மா?"